மாலை போடாத படம்

மாவுக்கார அக்காவிடம் கறிவேப்பிலை கேட்கலாம், கைமாத்து கேட்கலாம், அவசரத்துக்கு ஸ்கூட்டிச் சாவிகூடக் கேட்கலாம். அடுத்தவர் பொருளை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவள் வாயிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

செல்லூரில் நாங்கள் குடியிருந்த வளவில் முதல் வீடு அவளுடையது. வளவு என்றால் ஒரே வாசல், நடுவில் குழாயடி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அத்தனை வீட்டிலும் தும்மல் வரும். அக்கா வீட்டின் முன்னறையில் கிரைண்டர். இட்லி மாவு வியாபாரம். பாக்கெட்டில் கட்டிக் கொடுத்தாலும் சனங்கள் தூக்குவாளி, டிபன் பாக்ஸ், சொம்பு என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "ஊத்தி வையிக்கா, இந்தா வாரேன்" என்று காய்கறி வாங்கப் போகிறவர்களில் சிலர் அப்படியே மறந்து போவதும் உண்டு. அந்த ஏனமெல்லாம் கழுவித் துடைத்து, கிரைண்டருக்கு மேலே இருந்த பலகையில் ஏறிவிடும். வருடக்கணக்காக அங்கேயே இருக்கும்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு விருந்தாள் வந்துவிட, என் மனைவி அந்தப் பலகையில் இருந்த பெரிய தூக்கைக் கேட்டாள்.

"அது என்னுது இல்ல" என்றாள் அக்கா.

"யாருதுக்கா?"

"தெரியாது."

"யாருதுன்னே தெரியாதுன்னா எடுத்தாத்தான் என்னக்கா?"

"தெரிஞ்சா அவுககிட்டக் கேட்டு எடுத்துத் தருவேன். தெரியாததுனாலதேன் தொடக் கூடாதுங்கிறேன்."

மனைவி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன். வாயால் பிழைக்கிறவன். அன்றைக்கு நானே கடைக்குப் போய் ஒரு தூக்கு வாங்கி வந்தேன்.

அக்காவைப் பார்க்கப் போகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகை. இரண்டாவது கண்ணில் படுவது சுவரில் இருந்த படம். அவள் அப்பா, அம்மா படங்கள் மாலையும் பொட்டுமாக ஒரு பக்கம் தொங்கும். எதிர்ச் சுவரில் தனியாக, மாலையில்லாமல், பொட்டில்லாமல், கறுப்புச் சட்டம் போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம். நடுவில் தாடி வைத்த பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஓரத்தில் ஓர் இளம் தம்பதி. அந்த இளம்பெண்ணின் மடியில், தலையில் பெரிய ரிப்பன் கட்டிய குழந்தை ஒன்று கேமராக்காரரைக் கடித்துக் குதறுவதுபோல முறைத்துக்கொண்டிருக்கும்.

"யாருக்கா இவங்க?" என்று குடிவந்த புதிதில் கேட்டேன்.

"விருந்தாளுக."

"எப்ப வந்தாங்க?"

"நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாக. நீ மாவு வாங்க வந்தியா, கத கேக்க வந்தியா வாத்தியாரே?"

மாவு வாங்கத்தான் போனேன். கதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடம் மாவோடு சேர்ந்து வந்தது.

அக்காவின் அம்மா சின்ன வயதில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டில் ஆயாவாக வேலை பார்த்தவள். அந்த டாக்டரம்மாதான் படத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பவள். யூதப் பெண். ஜெர்மனியில் நாஜிகள் கை ஓங்கியதும், யூதர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அவள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்தார்களாம். அடுத்து யூதர் கடைகளை உடைத்தார்கள், அவர்கள் கோயில்களைக் கொளுத்தினார்கள். ஒரு தோல்பெட்டியோடு தப்பி வந்தவளுக்கு மதுரையில் வேலை கிடைத்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

உலகச் சண்டை பெரிதானதும் இங்கே இருந்த வெள்ளைக்காரப் போலீஸுக்கு ஒரு ஞானோதயம். ஜெர்மனியில் இருந்து வந்தவள், ஆகவே ஜெர்மன்காரி, ஆகவே எதிரி. நாஜிக்குப் பயந்து ஓடிவந்தவளை நாஜி தேசத்துக்காரி என்று பிடித்துக்கொண்டு போய் வடக்கே எங்கோ முகாமில் அடைத்தார்கள். அந்த மூளைக்கு என்ன மருந்து கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் டாக்டரம்மா அந்தத் தோல்பெட்டியை ஆயாவின் கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "வரும். கேக்கும். வச்சிரு" என்றாளாம்.

அவ்வளவுதான் பேச்சு. ஆயா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளே போலீஸ் செல்லூருக்கு வந்துவிட்டது. ஜெர்மன்காரி எதையாவது கொடுத்துவிட்டுப் போனாளா என்று விசாரணை. அக்காவின் அப்பா நெசவாளி. வீட்டுக்குள் குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்கிற தறி. பெட்டியைப் பள்ளத்துக்குள் இறக்கி, அதன்மேலேயே காலை வைத்துக்கொண்டு மனுஷர் நெய்துகொண்டிருந்தார்.

"பானையக் கவுத்தாக, பாயச் சுருட்டிப் பாத்தாக. தறிகிட்ட வந்ததும் எங்கப்பா சொன்னாராம், 'பாவு நூலு அந்துரும்ய்யா, தள்ளி நில்லுங்க'ன்னு. துப்பாக்கி வச்சிருக்கிறவன் தள்ளி நின்டான் வாத்தியாரே!" சொல்லும்போது அக்கா மாவுக்கரண்டியைத் துப்பாக்கிபோலப் பிடித்துக்கொள்வாள். "அன்னைக்குத் தறியில நெஞ்ச துணி பூராம் கோணலு. பெட்டி மேல கால வச்சு மிதிச்சா வேற எப்புடி வரும்?"

டாக்டரம்மா திரும்பி வரவில்லை. கடுதாசியும் வரவில்லை. ஆயா ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். பெட்டி மட்டும் வீட்டில் இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி வெள்ளி மெழுகுவத்தித் தண்டு, ஒரு வெள்ளிக் கிண்ணி, ஓரமெல்லாம் பூவேலை செய்த வெள்ளைத் துணி ஒன்று, இந்தப் படம். படத்தை மட்டும் வெளியே எடுத்து மாட்டியது ஆயாதான். "சாமான் பெட்டிக்குள்ள கெடக்கலாம், ஆளுக கெடக்கக் கூடாது. மூச்சு முட்டும்" என்றாளாம். டாக்டரம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அந்தத் தண்டுகளில் மெழுகுவத்தி ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு கும்பிடுவதை ஆயா பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்கள் எப்படி வேற்று ஆளாவார்கள் என்பது அவள் கட்சி.

அக்காவும் வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து, தண்டுகளைத் திருநீறு போட்டுத் துடைத்து வைப்பாள். நம்மூரில் வெள்ளிச் சாமானைத் துலக்க அதுதானே. யூதர் வீட்டு விளக்கு எண்பது வருஷமாகத் திருநீற்றில் குளித்தது. ஒருநாளும் அதில் விளக்கேற்றியதில்லை. "அவுக ஏத்துற வெளக்கு" என்பாள்.

மாலை விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம். சொந்தமெல்லாம் கூடியிருக்கிறது. தம்பி பெண்டாட்டி நல்ல மனசோடு, அம்மா படத்துக்கு மாலை போட்ட கையோடு எதிர்ச் சுவர்ப் படத்துக்கும் ஒரு சரத்தைப் போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த அக்கா பார்த்தாள். ஒரே இழுப்பு. சரம் அறுந்து பந்திப்பாய் மேல் விழுந்தது.

"யாருடி செத்தா? யாரு வந்து உங்கிட்ட சொன்னா?"

"இல்ல மதினி, எம்புட்டு வருசமாச்சு, அதேன்..."

"வருசமானா செத்துருவாகளா? நம்ம பாட்டுக்கு மாலையப் போட்டுட்டா, நாளைக்கு வந்து நிக்கிறவுக மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

காரிய வீட்டில் பூவை அறுத்து எறிந்தது அபசகுனம் என்று பெரிசுகள் பொருமின. அக்கா சேலை முந்தானையால் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

எங்கள் பக்கத்தில் ஒரு படத்துக்கு மாலை போடுவது சாதாரணக் காரியம் இல்லை. ஆள் போய்விட்டார், கணக்கு முடிந்தது, இனி வாசலைப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். வாசலைப் பார்ப்பதை நிறுத்த மாட்டேன் என்று அக்கா அடம் பிடித்தாள்.

அந்த அடத்துக்கு விலையும் கொடுத்தாள். தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. சீர் செய்யக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற தம்பிக்குத் தோல்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"ஏக்கா, அந்த வெள்ளிய உருக்குனா பிள்ளைக்கு ஒரு குத்துவெளக்கு, கொலுசெல்லாம் வரும். எந்த மகராசி வந்து கேக்கப் போறா?"

"கேக்காட்டி ஒன்னுதாகிருமாடா?"

"சும்மாதானக்கா கெடக்கு."

அக்கா எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது வாங்கிப் போட்டது. தம்பி கையில் வைத்து மூடினாள். "இது என்னுது. எடுத்துட்டுப் போ. அத நெனச்சுக்கூடப் பாக்காத." அப்புறம் சாகும்வரை அவள் காதில் வேப்பங்குச்சிதான். கல்யாணத்துக்கும் அதோடுதான் வந்தாள், நிமிர்ந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

தம்பியைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். இல்லாதவன். ஆனால் அக்காவுக்கு ஒன்று தெரியும். தான் கண்ணை மூடிய மறுவாரம் அந்த வெள்ளி உருகிவிடும், படம் குப்பைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் உரிய ஆள் வர வேண்டும். வந்தவர் கையில் எல்லாம் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அதைக் கவலை என்று ஒருநாளும் சொன்னதில்லை, சோலி என்றுதான் சொல்வாள்.

ஒரு மழையில் வாய்க்கால் நிறைந்து சாக்கடையும் தண்ணீருமாக வளவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் டிவியையும் பீரோத் துணியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். அக்கா தலையில் தோல்பெட்டி, கக்கத்தில் படம். கிரைண்டர் முங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, மோட்டார் போயிரும்க்கா" என்று கத்தினேன். "போகட்டும், அது நம்ம மோட்டாரு" என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் தப்பி வந்த யூத டாக்டர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி மாவுக்கடையைத் தேடி வந்தார். நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா முகாமிலேயே காய்ச்சலில் இறந்துபோன செய்தி அவர் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவுகளுக்குக் கூடப்பொறந்தவுக இருக்காகள்ல?" என்று படத்தைக் காட்டினாள்.

"அவங்க என்ன ஆனாங்கன்னு தெரியலம்மா. அங்க லட்சக்கணக்குல கொன்னுட்டாங்க. பெரும்பாலும்..."

"பெரும்பாலும்னா மாலை போட முடியாதுங்கய்யா."

மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் என்று கெஞ்சினார். "அந்தம்மா எங்கம்மாகிட்டக் குடுத்தது ஊருக்குக் காட்டுறதுக்கில்ல, திருப்பி வாங்கிக்கிறதுக்கு" என்றாள். "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ஆகாது. சோலி முடியாமப் போக மாட்டேன்." படத்தை மட்டும் போனில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். அவர் டாக்டரம்மாவின் பேரோடு அதை இணையத்தில் போட்டார்.

போட்டதும் முதலில் வந்தது கழுகுதான். வெள்ளைக் காரில் ஒரு ஆள், கூட ஒரு வெளிநாட்டுப் பெண். டாக்டரம்மாவின் உறவுக்காரப் பேத்தி என்றார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றி ஒற்றி அழுதாள். நானே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா படத்துக்குக் கீழே பாயை விரித்துப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் ஒரு தண்டை எடுத்தாள். தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"கைய எடுக்கச் சொல்லு வாத்தியாரே."

"ஏன்க்கா?"

"எடுக்கச் சொல்லு."

அந்த ஆள் குரலை உயர்த்தினான். போலீஸ், கோர்ட்டு என்றான். அக்கா கிரைண்டர் குழவியில் கையை வைத்துக்கொண்டு, "போலீசா? வரச் சொல்லு. எங்கப்பன் காலுக்கடியில வச்சிருந்தப்பவே தேடிப் பாத்தவுகதேன்" என்றாள். கார் போய்விட்டது. அவன் பழஞ்சாமான் வியாபாரி என்பது பிறகு தெரிந்தது.

"எப்புடிக்கா கண்டுபிடிச்ச?"

"சொவத்துல அம்புட்டுப் பேரு இவளையே பாத்துக்கிட்டு இருக்காக. ஒருதரம்கூட நிமிந்து பாக்கல. சொந்தக்காரி மொதல்ல மூஞ்சியப் பாப்பாளா, வெள்ளியப் பாப்பாளா?"

உண்மையான ஆள் வந்தபோது அழுகை ஒன்றும் இல்லை. ஆட்டோவில் தனியாக வந்து இறங்கிய, அறுபதை ஒட்டிய ஒரு ஹாலந்துக்காரப் பெண். வெயிலில் சிவந்துபோய், முதுகில் பையோடு. வாசலில் நின்று பேராசிரியர் எழுதியதைப் படித்தேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், எதிர்ச் சுவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆள் வருகிறது என்று பேராசிரியர் சொல்லியிருந்ததால் அக்கா அன்றைக்கும் பாயில் திறந்து வைத்திருந்த பெட்டியில் அவள் கால் இடித்தது. அவள் குனியவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா என் விலாவில் இடித்தாள். "இவதேன்."

அந்தப் பெண் சொன்னதை நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மடியில் குழந்தையோடு இருப்பவள் டாக்டரம்மாவின் தங்கை. அவர்கள் ஜெர்மனியில் இருந்து ஹாலந்துக்குத் தப்பினார்கள். நாஜிகள் அங்கேயும் வந்தார்கள். பிடிபடுவதற்கு முன்னால், குழந்தையைப் பால் ஊற்றுகிற பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். படத்தில் இருப்பவர்களில் ஜெர்மனியில் தங்கிவிட்ட தாத்தாவும் பாட்டியும், குழந்தையின் அப்பாவும் அம்மாவும், எல்லோரும் கொல்லப்பட்டார்கள். கல்லறை இல்லை. நாள்கூடத் தெரியாது.

"பிள்ள?" என்றாள் அக்கா.

"அந்தக் குழந்தை என் அம்மா. தொண்ணூறு வயது ஆகப்போகிறது. இருக்கிறாள்."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். மாவுக் கை, ஈரம். "இருக்காளா? இன்னொருதரம் கேளு." கேட்டேன். இருக்கிறாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு, "அந்தப் பால்காரி?" என்று கேட்டாள். தன் பிள்ளை என்று சொல்லி வளர்த்தாளாம், இரண்டு தடவை நாஜிகள் வீட்டைச் சோதனை போட்டபோதும் அதையே சொன்னாளாம். சண்டை முடிந்த பிறகுதான் பெற்றவர்கள் பெயரையும், இந்தியாவுக்குப் போன பெரியம்மா பெயரையும் சொன்னாளாம்.

"நாங்க என்னுது இல்ல என்னுது இல்லன்னு சொல்லிச் சொல்லி வச்சிருந்தோம். அவ என்னுதுன்னு சொல்லி வச்சிருந்திருக்கா. கெட்டிக்காரி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் போனில் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு கிழவி வந்தாள். நடக்க முடியாதவள், சக்கர நாற்காலி. முகம் முழுக்கச் சுருக்கம். புருவத்தை நெரித்து எங்களை முறைத்தாள்.

"அதே மொறைப்பு!" என்று அக்கா கத்திவிட்டாள். "பாரு வாத்தியாரே, அதே மொறைப்பு!"

பேராசிரியர் இணையத்தில் போட்டதில் கண்ணாடிப் பளபளப்பு விழுந்து முகமெல்லாம் சரியாகத் தெரியவில்லையாம். மகள் போனைப் படத்துக்கு நேராகக் காட்டினாள். கிட்டே, இன்னும் கிட்டே என்று கிழவி கையைக் காட்டினாள். பெற்றோரின் முகம் அவளுக்கு நினைவில்லையாம். பார்க்க ஒரு படமும் இல்லாமல் எண்பது வருஷம் இருந்திருக்கிறாள். தன் அம்மாவின் முகம் செல்லூரில் ஒரு மாவுக்கடைச் சுவரில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். மகள் குரல் உடைந்து அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அம்மா இவ்வளவு சின்னப் பெண்ணா? என் பேத்தியைவிடச் சின்னவளாக இருக்கிறாளே."

அக்கா போனுக்கு நேராகப் போய், காது கேட்காதவர்களிடம் பேசுகிற சத்தத்தில் சொன்னாள்: "நாங்க மாலை போடலம்மா! நல்லாப் பாத்துக்கங்க, போடவே இல்ல!"

மாலை என்றால் என்ன என்று நான் ஆங்கிலத்தில் விளக்க, மகள் தன் பாஷையில் விளக்க, அது ஹாலந்து போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏன் போடவில்லை என்று கிழவி கேட்டாள்.

"யாரும் வந்து சொல்லலையே. சொல்லாம எப்புடிம்மா போடுறது?"

அந்தப் பதிலும் போய்ச் சேர்ந்தது. கிழவி முறைப்பை விடாமலே தலையை ஆட்டினாள். "மற்ற எல்லாரும் எங்களுக்குச் சீக்கிரமே போட்டுவிட்டார்கள்" என்றாளாம்.

புறப்படும்போது ஒரு சண்டை. அந்தப் பெண்ணுக்குப் படம் போதுமாம். வெள்ளியும் துணியும் அக்கா குடும்பத்துக்கே இருக்கட்டும், எங்கள் நன்றி என்றாள். அதை நான் மென்று முழுங்கித்தான் மொழிபெயர்த்தேன்.

"நன்றியா? எங்க வீட்டுச் சாமானா இது, எனக்குக் குடுக்கிறதுக்கு? எங்கப்பா கோணத் துணி நெஞ்சதும், நான் காது மூளியா நிக்கிறதும் இவ பாதிய வச்சுட்டுப் போறதுக்கா? முழுசா எடுத்துட்டுப் போகச் சொல்லு. இல்லாட்டி படத்தையும் தர மாட்டேன்."

நான் காரத்தைக் குறைத்துத்தான் சொன்னேன். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தே முழுக் காரத்தையும் புரிந்துகொண்டாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அக்கா துணியை உதறி மடித்து, தண்டுகளை அதில் சுற்றி, கடைசியாகப் படத்தைத் தன் சேலை ஒன்றில் பொதிந்து கொடுத்தாள். "பெட்டிக்குள்ள போட்டு வைக்க வேணாம்னு சொல்லு. மாட்டி வைக்கச் சொல்லு." போகும் முன் அந்தப் பெண் அக்காவை ஒரு படம் எடுத்தாள். கிரைண்டர் பக்கத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காதில் வேப்பங்குச்சியோடு, பின்னால் யாரோ மறந்துபோன தூக்குவாளிகள் வரிசையாக.

நாங்கள் ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனோம். அடுத்த வருஷம் ஒரு காலையில் தம்பி போன் செய்தான். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், எழவில்லை. சோலி முடிந்துவிட்டது, போய்விட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. இன்னும் ஒரு பத்து வருஷம் யாரிடமாவது எதையாவது தர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பதினாறாம் நாள் போனேன். எதிர்ச் சுவரில் அந்தக் குடும்பப் படம் இருந்த அதே ஆணியில் அக்காவை மாட்டியிருந்தார்கள். பெரிய மல்லிகை மாலை, நெற்றியில் சந்தனப் பொட்டு. இந்தத் தடவை அறுத்து எறிய ஆள் இல்லை. அதைப் போனில் படம் பிடித்து, இறந்துவிட்டாள் என்று ஹாலந்துக்கு அனுப்பினேன்.

பதில் மூன்று நாள் கழித்து வந்தது. ஒரு படம். அங்கே ஒரு வீட்டுச் சுவர். தாடிக்காரப் பெரியவர், கையைக் கட்டிய டாக்டரம்மா, மடியில் முறைக்கும் குழந்தை. பக்கத்தில், அதே அளவில் சட்டம் போட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கும் மாவுக்கார அக்கா. ஒரு பூகூட இல்லை. கீழே மகள் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

"அம்மாவிடம் சொன்னேன். யாரும் நேரில் வந்து சொல்லவில்லையே என்கிறாள்."